பொம்மை வீடும் புதிர் விளையாட்டும்

குறுந்தொகையின் 61ஆம் பாட்டிலே தும்பிசேர் கீரனார் சிறுவர் விளையாட்டொன்றை உவமையாக்குகின்றார். தச்சன் இயற்றிய சிறு தேரின்மீது ஏறிச் செல்லுதல் சிறுவர்க்கு இயலாது. ஆயினும், அதனைக் கையாற் பற்றி இழுத்துச் செல்லுதலிலேயே அவர்கள் இன்பம் காண்கின்றனர். அவ்வுவமை சுட்டும் அகப்பொருள் வேறு. எனினும், சிறுவடிவப் பொருள்கள் மனிதனுக்கு ஏன் இனிக்கின்றன என்னும் வினாவுக்கு அதனுள் ஒரு விடை உண்டு. அவை பயன்படாமையாலேயே இனிக்கின்றன. உட்புக இயலாத வீடு, உண்ண இயலாத உணவு, ஊர இயலாத தேர் என்பன நம் கைக்கும் கண்ணுக்கும் மட்டுமே உரியன. பிள்ளைத்தமிழ் நூல்கள் சிற்றிலுக்கும் சிறுதேருக்கும் தனித்தனிப் பருவம் வகுத்தமையும் ஈண்டு நினையத்தக்கது.

அத்தகைய சிறு வீட்டினுள் உண்மையாகவே புகும் வாய்ப்பு நமக்குக் கிடைக்குமாயின் யாது நிகழும்? இவ்வினாவைக் கருவாகக் கொண்டது, இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்ட் நகரத்து ஃபயர்புரூஃப் கேம்ஸ் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட ‘தி ரூம்: ஓல்ட் சின்ஸ்’ என்னும் கணினி விளையாட்டு. 2012இல் தொடங்கிய ஒரு வரிசையின் நான்காம் படைப்பு அது. எட்வர்ட் லொக்வுட் என்னும் பொறியியலாளனும் அவன் மனைவி அபிகேலும் காணாமற் போகின்றனர். அவர்களைத் தேடும் ஆட்டக்காரர் வால்டகிரேவ் மாளிகையின் பரணிலே ஒரு பழைய பொம்மை வீட்டைக் காண்கின்றார். ஒரு விந்தைக் கண்ணாடியின் துணைகொண்டு அதன் அறைகளினுள் ஒவ்வொன்றாக நுழைகின்றார். வாயிற்கூடம், படிப்பறை, கடற்பொருளறை, சமையலறை எனச் செல்லும் அவ்வழியில் ஓரறையிற் பெற்ற பொருள் மற்றோர் அறையின் பூட்டைத் திறக்கின்றது.

இவ்வமைப்பின் சிறப்பு யாது? பொம்மை வீட்டின் இன்பம் புறத்தே நின்று முழுமையையும் ஒருங்கே காணும் இன்பம். துப்பறி விளையாட்டின் இன்பமோ அகத்தே நின்று, முழுமையைக் காணாது, சிறிது சிறிதாக அறியும் இன்பம். தம்முள் மாறுபட்ட இவ்விரண்டையும் ஒரு படைப்பினுள் இணைத்தமை ஆசிரியர்தம் வெற்றி. அறையினுள் இருக்கும்போது நாம் சிறியோம். வெளிப்போந்து வீட்டைச் சுழற்றிப் பார்க்கும்போது பெரியோம். மரத்தின் வரியும் பித்தளையின் மங்கிய ஒளியும் பூட்டுத் திறக்கும் ஓசையும் அத்துணை நுட்பமாக அமைந்துள்ளமையால், கண்ணாடித் திரையைத் தொடுகின்றோம் என்பதையே விரல் மறந்துவிடுகின்றது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. அவ்வீட்டில் தன்பொருட்டு இருக்கும் பொருள் மிகச் சிலவே. கருத்தைக் கவரும் இழுப்பறை எதுவாயினும் அது ஒரு பூட்டுக்காகவே உளது. சக்கரம் எதுவாயினும் அது ஒரு விடைக்காகவே சுழல்கின்றது. விடை கிடைத்தபின் அப்பொருளை மீண்டும் நோக்க நமக்குக் காரணம் இல்லை. சிறிது தயங்கினாலோ, விளையாட்டே படிப்படியாகக் குறிப்புத் தந்து நம்மை முன்தள்ளுகின்றது. வாழ்ந்தோர் இருவரின் துயரத்தைக் கடிதங்களாலும் குறிப்புகளாலும் அறிகின்றோம். ஆனால் அவர்கள் வாழ்ந்த வீட்டைப் பொறிகளின் தொகுதியாக அன்றி மனையாக உணர்வதற்கு இடம் குறைவு.

இக்குறையை விளங்கிக்கொள்ள, கையாற் செய்த இரு படைப்புகளை ஒப்புநோக்குவோம். வின்சர் கோட்டையில் உள்ள மேரி அரசியாரின் பொம்மை வீடு, எட்வின் லட்யென்ஸ் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1921 முதல் 1924 வரை, ஓரடிக்கு ஓரங்குலம் என்னும் அளவில் அமைக்கப்பெற்றது. அதிலே மின்விளக்கு எரியும். குழாயில் நீர் ஓடும். நூலகத்திலே அக்கால எழுத்தாளர் பலரின் சிறுநூல்கள் உள்ளன. அக்குழாயில் நீர் அருந்துவார் எவருமிலர். அது எந்தப் புதிருக்கும் விடையன்று. ஆயினும் அதனைச் செய்த கைகள் சிறிதும் சோர்ந்தில. பயன் கருதாத அந்நிறைவே அதன் அழகு.

மற்றொன்று இன்னும் பொருத்தமானது. அமெரிக்கப் பெண்மணி பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ (1878-1962), 1940களிலே, ஐயத்துக்குரிய மரணங்கள் நிகழ்ந்த அறைகளை அதே ஓரங்குல அளவில் அமைத்தார். ‘நட்ஷெல் ஸ்டடீஸ்’ என வழங்கும் அவற்றுட் பதினெட்டு, மேரிலாந்து மாநில மரண விசாரணை மருத்துவ அலுவலகத்தின் பொறுப்பில் பயிற்சிக்கெனப் பேணப்பட்டு வந்துள்ளன. பொம்மைகளின் காலுறைகளைக் குண்டூசி போன்ற சிறு ஊசிகளால் அவரே பின்னினார் என்பர். பயிற்சிக்கு வந்த காவலர் ஓர் அறையைத் தொண்ணூறு நிமிடங்கள் நோக்குதல் வேண்டும். அங்கே சான்றாவனவும் சான்றாகாதனவும் அருகருகே கிடக்கின்றன. எது முக்கியம் என்று எப்பொருளும் ஒளிர்ந்து சொல்வதில்லை. பிரித்தறிதல் காண்பார் கடமை. லீ அமைத்ததும் புதிரே. ஆயினும் அப்புதிர் பூட்டைத் திறக்கும் சாமர்த்தியத்தைக் கேட்கவில்லை. இறந்தவர்பால் நீதி தவறாத கவனத்தைக் கேட்டது.

கணினி விளையாட்டு இந்நிலையை எய்தாது என்று முடித்தல் தவறு. இலண்டன் நகரத்து ஸ்டேட் ஒஃப் பிளே குழுவினர் 2014இல் வெளியிட்ட ‘லூமினோ சிற்றி’க்காகத் தாளாலும் அட்டையாலும், சிறு விளக்குகளும் மோட்டார்களும் கொண்டு, பத்தடி உயரமுள்ள ஒரு நகரத்தையே கையாற் கட்டிப் படம்பிடித்தனர். 2015இல் கலைத்திறனுக்கான பாஃப்ரா விருதும் பெற்றனர். வெட்டிய தாளின் விளிம்பு திரையிலும் தெரிகின்றது. அங்கே புதிரை விடுவித்தபின்னும் கண் அவ்விடத்தை விட்டு அகல மறுக்கின்றது. செய்தவனின் கை அங்கே எஞ்சி நிற்பதே அதற்குக் காரணம்.

இவ்வகை விளையாட்டுகளையும் சிறுவடிவக் கைவேலைகளையும் காலத்தை வீணாக்குவன என்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். அவர்க்கு யாம் கூறுவது ஒன்று. எந்த விளையாட்டையும் அது கொள்ளும் நேரத்தால் மட்டும் அளத்தல் கூடாது. அது வளர்க்கும் கவனத்தாலும் அளத்தல் வேண்டும். விடைக்காக மட்டும் பொருளை நோக்கப் பழகிய மாணவன், நூலையும் தேர்வு விடைக்காகவே நோக்குவான். பொருளை அதன்பொருட்டே நோக்கப் பழகியவனோ, தேர்வு முடிந்தபின்னும் அந்நூலைத் திறப்பான். ‘ஓல்ட் சின்ஸ்’ முதல்வகை நோக்கை மிக நன்றாகப் பயிற்றுகின்றது. இரண்டாவதன் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, உள்ளே செல்ல விரைவு காரணமாக மறந்துவிடுகின்றது.

கீரனாரின் சிறுவர்க்கு ஏற இயலாத தேரில் இக்காலத்தார் ஏறிவிட்டனர். அது பெரும்பேறே. ஆனால் ஏறியவன் தேரின் விரைவை அறிவான். இழுத்துச் சென்றவனே அதன் ஒவ்வோர் ஆரையும் அறிவான். விளையாடி முடித்த இளைஞர், திரையை அணைத்துவிட்டு, ஓர் அட்டைத்துண்டையும் பசையையும் எடுத்துத் தாம் கண்ட அறைகளுள் ஒன்றையேனும் கட்டிப் பார்ப்பாராக. அப்பொழுதே அவ்வறை அவர்க்கு உரிமையாகும்.