தாத்தாவுக்கும் சேர்த்துக் கட்டிய பூங்கா

கொஞ்சம் அதிகமாகவே புகழப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் இருக்கிற டிஸ்னிலாந்தைப் போல என்னைக் கிறுக்குப் பிடிக்க வைத்த இடம் உலகத்தில் வேறு கிடையாது. நான் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பேத்திக்கு நாலரை வயது. எங்கள் இருவரில் யார் அதிகமாகக் குதித்தார் என்பதில் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.

தீவுத்திடல் பொருட்காட்சிக்குக் குடும்பத்தோடு போகும்போது தாத்தாவுக்கு என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ராட்டினம் ஏற, அவர் பைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல். வால்ட் டிஸ்னியும் அப்படி உட்கார்ந்திருந்தவர்தான். லாஸ் ஏஞ்சலிஸ் கிரிஃபித் பார்க்கில் தன் இரண்டு பெண்களையும் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பெஞ்சில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டே, பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இல்லையே என்று நினைத்தாராம். 1955 ஜூலை 17 அன்று திறந்த டிஸ்னிலாந்தின் விதை அதுதான். அந்த பார்க்கின் பெஞ்சு ஒன்றை உள்ளே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நான் அதற்கு ஒரு கும்பிடு போட்டேன். மகள் “அப்பா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள். பார்க்கட்டுமே!

மகள் வீடு பக்கத்தில் இர்வைனில். “எல்லாம் ஆப்பிலேயே இருக்கு மாமா” என்றார் மாப்பிள்ளை. உண்மைதான், எந்த ராட்டினத்துக்கு எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதுவரை போனில் தெரிகிறது. ஆனாலும் சர்வீஸ் முழுக்க வண்டி வாங்கி வண்டி விட்டவனுக்குக் கையால் எழுதிய டைம் டேபிள் இல்லாமல் முடியுமா? எழுதினேன்.

முதல் வரி, நாள். தேதிக்குத் தேதி டிக்கெட் விலை மாறுகிறது. பேத்தி இன்னும் பள்ளிக்கூடம் போகாததால் விடுமுறைக் கூட்டத்தை விட்டுவிட்டு வாரத்தின் நடுநாள் ஒன்றைப் பிடித்தோம். 3 வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட்டே கிடையாது. 3 முதல் 9 வரை குழந்தைக் கட்டணம். இரண்டாவது வரி, உயரம். இதை வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். வாசலில் போய் அளவுகோலுக்குக் கீழே தலை நின்றுவிட்டால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. எங்கள் பேத்தி 41 அங்குலம். பிக் தண்டர் மலை ரயிலுக்கு 40 போதும். மேட்டர்ஹார்ன் பனிமலைக்கு 42 வேண்டும். ஒரு அங்குலத்தில் போச்சு! அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அப்பா ஏறும்போது அம்மா குழந்தையோடு நிற்கலாம். அவர் இறங்கியதும் அம்மா மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். ஆள் மாற்றி டியூட்டி. இதை யோசித்தவருக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றோம். திறந்ததும் நேரே ஃபேன்டஸிலேண்ட், அதிலும் பீட்டர் பான். 1955 முதல் ஓடுகிற ராட்டினம், இன்றைக்கும் மவுசு குறையவில்லை. வெயில் ஏறிவிட்டால் வரிசை வளைந்து வளைந்து போகும். மேலே தொங்கும் தண்டவாளத்தில் சின்னக் கப்பல் பறக்கிறது, கீழே ராத்திரி லண்டன் மினுக்குகிறது. பேத்தி கீழே எட்டிப் பார்த்தபடி “தாத்தா, லைட்டு! லைட்டு!” என்று கத்த, நானும் கத்தினேன். பிறகு டம்போ யானை. பிறகு டீக் கோப்பைகள், அதில் மட்டும் மாப்பிள்ளைக்குத் தலை சுற்றியது.

பிக் தண்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்ட ஆளில்லாமல் தறிகெட்டு ஓடும் சுரங்க ரயில். பாதையோரம் வாயில் டைனமைட்டைக் கவ்விக்கொண்டு ஓர் ஆடு! என் செக்‌ஷனில் இப்படி ஒரு வண்டி ஓடியிருந்தால் டிவிஷனில் பாதிப் பேருக்கு சார்ஜ் ஷீட் போயிருக்கும். கைகளை மேலே தூக்கிக்கொண்டு போனேன். இறங்கியதும் பேத்தி சொன்ன ஒரே சொல், “அகெய்ன்!”

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். நம் சாப்பாட்டை உள்ளே எடுத்துப்போக விடுகிறார்கள், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. மகள் கட்டிய புளியோதரையும் தயிர்சாதமும் மர நிழலில் அமிர்தமாக இறங்கின. கடைகளில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசம். ஒன்றை மட்டும் அங்கேயே வாங்கிச் சாப்பிடுங்கள்: டோல் விப் என்கிற அன்னாசி ஐஸ். பால் சேராதது. நான் இரண்டு சாப்பிட்டேன், சர்க்கரை டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மதியம் குழந்தை சிணுங்கத் தொடங்கும் நேரத்துக்குத்தான் ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகை எழுதி வைத்திருந்தேன். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக யுனிசெஃப்பின் பெயரில் செய்து, 1966ல் இங்கே கொண்டுவந்தது. குளுகுளுவென்ற இருட்டில் படகு நகர, இரு கரையிலும் தேசம் தேசமாகப் பொம்மைகள் ஆடிப் பாடுகின்றன. படி இறங்கி வந்து ஆடுகிற நவராத்திரிக் கொலு! அந்தப் பாட்டு மண்டையை விட்டு இறங்க ஒரு வாரம் ஆகும், அது வேறு விஷயம்.

கோட்டையும் வாணவேடிக்கையும் அருமைதான், எல்லோரும் சொல்வார்கள். கோட்டை 77 அடிதான். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மேலே போகப் போகக் கல்லைச் சின்னதாக்கி உயரமாகக் காட்டுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்!

எனக்கு இந்தப் பூங்கா என்றால் அதன் ரயில்தான். டிஸ்னி தன் வீட்டுத் தோட்டத்திலேயே தண்டவாளம் போட்டுக் குட்டி நீராவி ரயில் ஓட்டிய மனிதர். பூங்காவைச் சுற்றி ஓடுவது 3 அடி கேஜ், நம் ஊட்டி ரயிலின் மீட்டர் கேஜைவிடக் குறுகல். எஞ்சின்கள் நிஜ நீராவி, மொத்தம் ஐந்து. அதில் ஃபிரெட் கர்லி என்கிற எஞ்சின் 1894ல் பால்ட்வின் கம்பெனி கட்டியது, லூசியானாவில் கரும்பு இழுத்துக்கொண்டிருந்தது. 1894! எண்ணெய் போட்டுத் துடைத்து அதைப் பளபளவென்று வைத்திருக்கும் அழகைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

பூங்காவுக்குள்ளேயே இருக்கிற நியூ ஆர்லியன்ஸ் ஸ்டேஷனில் அந்த ரயிலிலிருந்து இறங்கியபோது காதில் ஒன்று விழுந்தது. கட்டு, கடா, கட்டு, கடா. தந்தி! அந்தச் சத்தம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! திறப்பு நாளில் டிஸ்னி பேசிய பேச்சின் முதல் வரிகளைப் பழைய அமெரிக்க ரயில்வே மோர்ஸில் அடித்துக்கொண்டே இருக்கிறார்களாம். அந்த மோர்ஸில் பல எழுத்துகள் நாங்கள் படித்ததிலிருந்து வேறு. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபட்டது. பெஞ்சில் பேத்தியின் உள்ளங்கையில் விரலால் அவள் பெயரை அடித்துக் காட்டினேன். அவள் என் கையில் திருப்பி அடித்தாள். எல்லாமே கோடுதான், புள்ளியே இல்லை.

நுழைந்ததும் சிட்டி ஹாலில் கேட்டால் ‘முதல் வருகை’ என்று ஒரு பேட்ஜ் இலவசமாகத் தருவார்கள். எனக்கும் ஒன்று, அவளுக்கும் ஒன்று. போகிற இடமெல்லாம் ஊழியர்கள் அதைப் படித்து வாழ்த்துகிறார்கள். வண்டி வந்து நின்றதும் பேத்தி என் கையை இழுத்துக்கொண்டு கண்டக்டரிடம் போய், தன் பேட்ஜை விட்டுவிட்டு என்னைக் காட்டி, “மை தாத்தா இஸ் எ ஸ்டேஷன் மாஸ்டர்!” என்றாள். அவர் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார். டைம் டேபிள்படி அப்போது ஜங்கிள் குரூஸில் யானைகள் குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு சுற்றுக்கு ஏறிவிட்டோம்.