வெள்ளத்தின் மேல் எழுந்த ஊர்கள்

படைப்பு என்றால் ஒழுங்கின்மையை ஒழுங்கு வெல்வது என்ற கருத்துக்கு இப்போது பெரிய மவுசு. கனடிய உளவியலாளர் ஜோர்டன் பீட்டர்சன் 1999இல் எழுதிய முதல் நூலில் பாபிலோனியத் தொன்மத்தை வைத்து இதை விரித்தார். 2018இல் வந்த அவருடைய வாழ்க்கை விதிகள் நூல் இதை உலகமெங்கும் கொண்டுசேர்த்தது. நாயகன் ஆயுதம் எடுக்கிறான், கடல் அரக்கி வீழ்கிறாள், உலகம் பிறக்கிறது. எல்லா மக்களின் புராணங்களும் அடியில் இதையே சொல்கின்றன என்று அடுத்த அடி எடுத்துவைக்கும்போதுதான் இந்த வாதம் சறுக்குகிறது. தமிழ்ப் புராண மரபை ஓரளவு புரட்டியவர்கூட இதற்குத் தலையாட்ட முடியாது.

மூல ஆவணம் வலுவானதுதான். பாபிலோனியப் படைப்புக் காவியமான எனுமா எலிஷில் மார்துக் கடல் அரக்கி தியாமத்தைக் கொன்று, உலர்த்திய மீனைப் போல இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்குகிறான். ஜார்ஜ் ஸ்மித் 1876இல் இந்தப் பலகைகளை வெளியிட்டார். ஜெர்மன் விவிலிய அறிஞர் ஹெர்மன் குன்கெல் 1895இல் இதை ஆதியாகமத்தோடு பொருத்தி, ஊழிநீரோடு கடவுள் நடத்திய போர் என்ற கோட்பாட்டை உருவாக்கினார். ஆனால் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் போரே இல்லை. கிரேக்கக் கவிஞர் ஹெசியோடின் கேயாஸும் முதலில் தோன்றுகிறது. அதை எதிர்த்து எவரும் வாளெடுக்கவில்லை. ரிக் வேதத்தில் இந்திரன் விருத்திரனைக் கொல்வது உண்மை. அதே வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் படைப்பைப் பற்றிய பாடலோ மறுப்பில் தொடங்கி, கேள்விகளைக் கேட்டு, ஐயத்தில் முடிகிறது. ஆங்கிலக் கவிஞர் மில்டனிடம் கேயாஸ் தன் எல்லை சுருங்கிப்போன கிழட்டு அரசனாக வருகிறது. கடவுள் அதைக் கொல்வதில்லை, இன்னும் பல உலகங்களுக்கான கச்சாப்பொருளாக விட்டுவைக்கிறார். ஒற்றைக் கதை என்பது எங்குமே இருந்ததில்லை.

மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் இந்த வழக்கைக் கல்லிலேயே பார்க்கலாம். ஒரு சுவரில் துர்க்கை சிங்கத்தின் மேலிருந்து வில்லை வளைக்கிறாள். எருமைத்தலை அசுரன் கதையோடு பின்னோக்கிச் சாய்கிறான். அந்தச் சிற்பம் முழுக்க அசைவு. நேர் எதிர்ச் சுவரில் திருமால் பாம்பணையில் நீண்டு கிடக்கிறான். காலருகே மது, கைடபர் என்னும் அசுரர் இருவரும் கதையோடு நிற்கிறார்கள். விழித்திருப்பது அழிவு, உறங்குவது படைப்பின் முதல்வன். பின்னால் அந்த இருவரும் கொல்லப்படுகிறார்கள் என்பது கதை. ஆனால் பல்லவச் சிற்பி தேர்ந்தெடுத்த கணம் கொலையல்ல, உறக்கம். போரும் துயிலும் ஒரே குகையில் எதிரெதிரே நிற்க இடம் கொடுத்த மரபு இது. அதில் ஒரு சுவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது அரைகுறைப் பார்வை.

இலக்கியத்தில் பரிபாடலின் இரண்டாம் பாடல் இதைவிடத் தெளிவு. கீரந்தையார் ஊழிகளை அடுக்குகிறார்: வான், காற்று, தீ, நீர், நிலம் என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. இடையே உலகம் மீண்டும் நீருக்குள் போகிறது, மீண்டும் எழுகிறது. காலத்தை அளக்க அவர் எடுக்கும் பேரெண்களின் பெயர்கள்கூட நெய்தல், குவளை, ஆம்பல் என்று நீரில் பூப்பவை. பரிமேலழகர் உரையோடு 1918இல் உ.வே.சா. பதிப்பித்த அந்நூலில் ஊழிநீர் யாருக்கும் பகையாக வருவதில்லை.

இந்த நூலிழை அடுத்து எங்கே போகிறது என்று கேட்டால் நவீனத் திறனாய்வு மௌனமாகிறது. அது போன இடம், ஒவ்வொரு கோயிலூரின் கதையையும் பாடும் தலபுராணங்கள்.

சங்க இலக்கியத்துக்கும் பாரதிக்கும் நடுவே ஒரு பாலை இருந்ததாக நம்பும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதற்கு ஒரு தொடக்க நாளைக்கூடச் சொல்லலாம். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், இளம் ஆசிரியரான உ.வே.சா.விடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டார். அவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று வரிசையாகச் சொன்னார். முதலியார் அசையவில்லை, பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். அந்தச் சந்திப்பிலிருந்து 1887இன் சீவக சிந்தாமணிப் பதிப்பு பிறந்தது, சங்கம் மீண்டது. தமிழுக்குக் கிடைத்த பெரும்பேறு அது. அதே சந்திப்பில் ஓர் இழப்பும் தொடங்கியது. உ.வே.சா.வின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) 20க்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடியவர். இன்று அவர் ‘உ.வே.சா.வின் ஆசிரியர்’ மட்டும்தான்.

அவர் பாடியவற்றில் ஒன்று, குடந்தை எனப்படும் கும்பகோணத்தின் திருக்குடந்தைப் புராணம். ஊழி வரப்போகிறது என்று அறிந்த பிரமன் அமுதத்தையும் படைப்பின் வித்துகளையும் ஒரு குடத்தில் இட்டு, மாவிலை, தேங்காய், வில்வம், பூணூல் சாத்தி, உறியில் வைக்கிறான் என்கிறது குடந்தைத் தலவரலாறு. வெள்ளம் குடத்தைத் தெற்கே கொண்டுவருகிறது. ஓரிடத்தில் தங்கச் செய்கிறது. வேடனாக வந்த சிவன் அம்பெய்து குடத்தை உடைக்கிறான். இனி நடப்பதுதான் அழகு. தேங்காய் விழுந்த இடம் அபிமுகேசுவரர் கோயில், வில்வம் விழுந்த இடம் நாகேசுவரர் கோயில், உறி விழுந்த இடம் சோமேசுவரர் கோயில், பூணூல் விழுந்த இடம் கௌதமேசுவரர் கோயில். அம்பெய்த இடம் பாணாதுறை. குடத்தின் வாய் விழுந்தது குடவாயில். வழிந்த அமுதம் தேங்கியது மகாமகக் குளம்; அமுதில் குழைந்த மணலே கும்பேசுவர லிங்கம்.

வெள்ளம் இங்கே எதையும் அழிக்க வரவில்லை. சுமந்துவருகிறது, இறக்கிவைக்கிறது. உடைவே ஊரின் வரைபடமாகிறது. ஆண்டுதோறும் வண்டலோடு வரும் காவிரியின் கரையில் வாழ்ந்தவர்கள் வேறு எப்படிப் படைப்பைக் கற்பனை செய்திருப்பார்கள்?

சீகாழியிலும் இதே நீர்தான். ஊழிவெள்ளத்தில் 64 கலைகளையும் ஆடையாக உடுத்து, பிரணவத் தோணியில் வந்த சிவனும் உமையும் ஒதுங்கிய இடம் அது என்பது தலவரலாறு. கோயில் மூன்று நிலை. கீழே பிரமபுரீசர், படியேறினால் பெரிய சுதையுருவில் தோணியப்பர், அதற்கும் மேலே சட்டைநாதர். நிலத்தைவிட்டு மேலே ஏறித்தான் தோணியைக் காண வேண்டும். வெள்ளத்தின் உயரம் கட்டடத்துக்குள்ளேயே பதிந்திருக்கிறது. இராமநாடகக் கீர்த்தனை பாடிய அருணாசலக் கவிராயர் இந்தத் தலத்துக்கும் புராணம் பாடினார். கீர்த்தனைகளைப் போற்றுகிற எத்தனை பேர் அந்தப் புராணத்தைத் தொட்டிருக்கிறார்கள்?

பரஞ்சோதியின் திருவிளையாடற் புராணம் மட்டும் மதுரையின் தயவால் தப்பியது. அதில் போர்க்கதையும் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை: உக்கிரபாண்டியன் கடல்மேல் வேலெறிகிறான், கடல் வற்றுகிறது. ஆனால் நான்மாடக்கூடலான படலத்தைப் பாருங்கள். வருணன் ஏவிய மேகங்கள் ஊரை மூழ்கடிக்க வரும்போது சிவன் தன் சடையிலிருந்து நான்கு மேகங்களை அனுப்புகிறார். அவை நான்கு மாடங்களாகி நகருக்குக் கூரையாகின்றன. அழிக்க வந்ததும் மேகம், காக்க வந்ததும் மேகம். பின்னொரு படலத்தில் ஊழிக்குப் பிறகு ஊரின் எல்லை தெரியாமல் வங்கியசேகர பாண்டியன் திகைக்கிறான். இறைவன் கையில் கங்கணமாகக் கிடந்த பாம்பு வாலை வாயில் கவ்வி நகரை வளைத்து எல்லை காட்டுகிறது. டேவிட் ஷுல்மன் 1980இல் வெளியிட்ட ‘தமிழ்க் கோயில் தொன்மங்கள்’ ஆய்வு இந்தக் கதைகளையெல்லாம் அக்கறையோடு படித்தது. அந்த வேலையைத் தமிழ்த் திறனாய்வு முதலில் செய்திருக்க வேண்டும்.

நாம் செய்தது வேறு. இறையனார் களவியல் உரை கடல்கொண்ட கதையைச் சொன்னது. பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் லெமூர்களின் பரவலை விளக்க லெமூரியா என்றொரு நிலத்தைக் கற்பனை செய்தார். இரண்டையும் ஒட்டவைத்து, 20ஆம் நூற்றாண்டு முழுக்கக் குமரிக்கண்டத்துக்காக அழுதோம். அந்த ஒப்பாரியில் கடல் வெறும் திருடன். கொண்டுபோனதைத் திருப்பித் தராதவன். களவியல் உரையிலேயே, இடைச்சங்கம் இருந்த கபாடபுரத்தைக் கடல் கொண்ட பிறகு மதுரையில் அடுத்த சங்கம் கூடுகிறது. அந்தத் தொடர்ச்சி புலம்பலில் அடிபட்டுப்போனது.

நவீனப் புனைவும் பெரும்பாலும் முடிவைத்தான் எடுத்துக்கொண்டது. ஜெயமோகனின் விஷ்ணுபுரம் (1997) மாபெரும் முயற்சி. அதன் இறுதி வெள்ளம் தமிழ் உரைநடையின் உச்சங்களில் ஒன்று. ஆனால் அந்த வெள்ளத்தின் வேகமெல்லாம் அழிவில்தான். நீர் வடிந்தபின் சேற்றில் முளைக்கும் அடுத்த ஊரை எழுதும் நாவலுக்கு வேண்டிய கச்சாப்பொருள் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் புராணங்களில் கிடக்கிறது. அவற்றில் வரும் திருநாட்டுப் படலங்களும் நகரப் படலங்களும் மரபான வருணனைகள் என்று தள்ளப்படுகின்றன. பொறுமையாகப் படித்தால் மழை, ஆறு, வண்டல், வயல், தெரு, கோயில் என்று நீர் ஊராக மாறும் வரிசை அவற்றில் தெரியும்.

அடுத்த மகாமகம் 2028இல். அதற்குள் திருக்குடந்தைப் புராணம் பதம் பிரித்து, எளிய உரையோடு, குடந்தைக் கோயில்களின் வரைபடமும் சேர்த்து ஒரு கைக்கடக்கமான பதிப்பாக வரவேண்டும். குளத்தில் முழுக வரும் கூட்டத்துக்கு அதைக் கடைத்தெருவிலேயே விற்கலாம்.