நன்னாகையார் பாட்டில் கனவும் கையும்

குறுந்தொகையின் 30ஆம் பாட்டு கச்சிப்பேட்டு நன்னாகையார் இயற்றியது, பாலைத்திணையது, ஆறடியான் அமைந்தது. தலைவனைப் பிரிந்த தலைவி தான் கண்ட கனவைத் தோழிக்கு உரைக்கின்றாள். வண்டு படிந்த குவளை மலரொடு அவள் தன்னை ஒப்பிடுதலின், மெலிவு ஒன்றே உவமையின் பொருள் எனத் தோன்றலாம். அஃது அமையாதென்பது நம் கருத்து.

மலரிற் படிந்து அகன்ற வண்டு தலைவனே என்பது எளிதிற் புலனாம். ஆயின், பொய் என்னும் ஒரு சொல்லையே தலைவனுக்கும் கனவுக்கும் புலவர் சார்த்தியுள்ளார். எனவே கனவு தலைவனுக்கு மாற்றன்று; அவனது உருவகமே ஆகும். வண்டு இருமுறை வந்து நீங்கியது.

இனி, அப்பொய் வெளிப்படுமிடம் நோக்கற்பாலது. கனவு மெய்தீண்டி மயக்கிற்று. தலைவி கண்டு தெளிந்தாள் என்னாது, அமளியைத் தடவினாள் என்றே புலவர் கூறுகின்றார். பின்னல்துணியின் தரத்தைக் கையால் தடவி அறியும் திருப்பூர்ப் பகுதி மாணவர்க்கு இவ்விடம் விளக்கம் வேண்டாதே விளங்குதலை வகுப்பிற் கண்டுள்ளோம். மெய் என்பது உடம்புமாம், வாய்மையுமாம். உடம்பு கொண்ட மயக்கத்தை உடம்பே தெளிகின்றது.

ஆகவே பாடுபொருள் பிரிவு மட்டுமன்று, இருமுறை ஏமாந்தமையாம். பொய்த்த தலைவனை நோவலாம்; தன் நெஞ்சே பொய்த்தவழி யாரை நோவது? இறுதியில் தலைவி தனக்குத் தானே இரங்குதல் இதனாலேயே என்க.