ரிஷபம் இல்லாத ரிஷபவாகனர்

தஞ்சாவூர் கலைக்கூடத்தில் ஒரே ஒரு சிலையைத்தான் பார்க்கலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், நடராஜர் பக்கமே திரும்பமாட்டேன். நேராக, காளைமேல் சாய்ந்து நிற்கிற சிவனான திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் போய் நின்றுவிடுவேன். நடராஜர் பிரியர்களுக்கு இது பொறுக்காது. திருவாலங்காட்டு நடராஜரைப் படங்களில் பார்த்தே சிற்பி ரோடான் உருகி எழுதினாரே, அதற்குமேல் என்ன வேண்டும் என்பார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அந்த நடராஜர் முன்னால் நானும் மெய்மறந்து நின்றவள்தான். ஆனாலும் ஆடுகிற உடம்பில் உயிரைக் காட்டுவதைவிட, சும்மா சாய்ந்து நிற்கிற உடம்பில் காட்டுவது பெரிய வித்தை என்பது என் கட்சி.

இந்தக் கோடையில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்த மகனை அழைத்துக்கொண்டு போனேன். துடியலூரிலிருந்து விடியலில் கிளம்பி, கோவை ஜங்ஷனில் ஏழு மணி வாக்கில் மயிலாடுதுறை ஜனசதாப்தியைப் பிடித்தால், உச்சிவெயிலுக்குத் தஞ்சாவூர். மாலையில் அதே வண்டி திரும்பி வரும். இடையில் கிடைக்கிற நேரத்தைக் கலைக்கூடம் இருக்கிற அரண்மனை வளாகத்திலேயே செலவழித்தோம். பெரிய கோயிலுக்குப் போகாமலா திரும்பினீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். மே மாத மத்தியானத்தில் அந்தக் கல்தரையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு எதை ரசிப்பது?

ரிஷபவாகனர் 1011-இல், ராஜராஜன் காலத்தில் எழுந்தருளியவர். பக்கத்தில் நிற்கும் தேவி 1012. நடுவே ஒரு வருஷம் அவரும் காளையும் மட்டும் இருந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும். இன்று தேவி இருக்கிறாள், காளை இல்லை. திருவெண்காட்டில் மண்ணுக்குள் புதைந்து கிடந்த மற்றச் சிலைகள் வெளிவந்தன, காளை வரவில்லை.

முதலில் கண்ணை இழுப்பது தலை. தலைப்பாகை கட்டியிருக்கிறார் என்றே தோன்றும். கிட்டே போனால், சடைதான் சுற்றிச் சுற்றி அப்படி ஆகியிருக்கிறது. சுற்றுகளுக்கிடையே பாம்புகள் நெளிகின்றன. இரண்டே கைகள். ஆயுதம் கிடையாது, மானும் மழுவும் கிடையாது. ஒரு கால் ஊன்றியிருக்க, மற்றது சாவகாசமாகக் குறுக்கே வந்திருக்கிறது. பிறகு அந்தக் கை. முழங்கை மடிந்து, மணிக்கட்டு தளர்ந்து, விரல்கள் தம் கனத்தாலேயே சரிந்திருக்கின்றன. தாங்குவதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஆனால் தோளைப் பாருங்கள், இடுப்பின் ஒசிவைப் பாருங்கள்: காளையின் உயரம் எவ்வளவு, அதன் முதுகு எங்கே, எவ்வளவு பாரத்தை அது வாங்கிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் இந்த உடம்பிலேயே எழுதியிருக்கிறது.

“ஏம்மா, மாடு எங்க?” என்றான் மகன். சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனும் காலைக் குறுக்கே வைத்து, கையை அந்தரத்தில் தொங்கவிட்டு நின்று பார்த்தான். நிற்க முடியவில்லை, தோள் விறைத்துக்கொண்டது, விரல்கள் நீட்டிக்கொண்டன. இரண்டாம் முறை என் தோள்மேல் கையைப் போட்டான். அப்போதுதான் விரல்கள் சரியாக விழுந்தன. “அப்புச்சி கட்டுத்தறியில நிக்கற மாதிரியே நிக்கறாரும்மா” என்றான்.

கண்ணபுரம் சித்திரை மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது புரியும். காங்கேயம் காளையின் திமில்மேல் கையைப் போட்டபடி, விலை படிகிறவரை அவசரமில்லாமல் நிற்பார்கள். அப்படி நிற்கிற எவரையோ அந்தச் சோழநாட்டு ஸ்தபதி மனசுக்குள் வாங்கியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சிற்பம் என்றால் பேரூர்க் கோயில்தான். கனகசபையின் கல் சங்கிலியைக் காட்டாமல் எந்த விருந்தாளியையும் அனுப்பமாட்டோம். ஊர்த்துவ தாண்டவர், யானையை உரித்தவர், நகக்கண் வரைக்கும் தெரிகிற வேலை. நாயக்கர் காலத்து உளிக்கு முன்னால் நானும் கைகூப்புகிறேன். ஆனால் அங்கே கல் நம்மைப் பார்த்து, என்னை எப்படி வளைத்திருக்கிறார்கள் பார் என்கிறது. திருவெண்காட்டுச் சிலையில் உலோகம் என்ற நினைப்பே வருவதில்லை.

கோயிலில் இருக்க வேண்டியவரைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்களே என்ற வருத்தமும் நியாயமானது. என் அம்மாவே சொல்வாள். இருந்தாலும் பட்டும் மாலையும் சாத்தினால் முகம் ஒன்றுதான் மிஞ்சும். அந்த ஒசிவையும் தளர்ந்த மணிக்கட்டையும் யார் பார்ப்பது?

என் குறையெல்லாம் இன்றைய பஞ்சலோகச் சிலைகள் மேல்தான். சிலை வார்க்கிற சுவாமிமலையில் கைத்திறன் குறையவில்லை, வண்டல் மண்ணும் மெழுகும் அப்படியே இருக்கின்றன. வாங்குகிற நாம்தான் கெட்டுப்போனோம். புருவம் கத்தி மாதிரி இருக்க வேண்டும், ஆரத்தில் மணி எண்ண முடிய வேண்டும், பளபளப்பில் முகம் தெரிய வேண்டும். மெழுகிலேயே முடிந்திருக்க வேண்டிய உடம்பை வார்த்த பிறகு உளியால் செதுக்கி, அராவி, மெருகேற்றி ஒப்பிக்கச் சொல்கிறோம். நகை கூடக் கூட உடம்பு விறைக்கிறது. சாய்ந்து நிற்கிற சிவனை யாரும் கேட்பதாகவே தெரியவில்லை. கூடத்தில் வைக்க நடராஜர், மேசைக்குப் பிள்ளையார், அவ்வளவுதான்.

மகன் முழுக்க என் கட்சிக்கு வரவில்லை. அவனுக்கு அதே திருவெண்காட்டுக் கல்யாணசுந்தரர்தான் உசத்தி. கையைப் பிடித்துக் கொடுத்த பிறகும் நிமிராத பார்வதியின் பார்வைக்கு ஈடில்லையாம். ஈரோடு வரும்வரை இதே வழக்கு. அர்த்தநாரியைப் பார்த்தபின் பேசு என்றேன். அவரும் திருவெண்காட்டுக்காரர்தான், இருப்பது எழும்பூரில். ஒரே ஊர்ப் பிள்ளைகளை இரண்டு ஊரில் பிரித்து வைத்திருக்கிறோம். ஒரு மாதமாவது எல்லாரையும் ஒரே கூடத்தில் நிறுத்திக் காட்டமாட்டார்களா?