மதகும் கடைமடையும்

பாசிக்குள் அயல்மரபணுவைச் செலுத்துவதுபற்றித் தமிழில் எழுதுவோரில் பலர் ‘புரோமோட்டர்’ என்பதை ‘ஊக்குவிப்பான்’ என்கிறார்கள். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. ஊக்குவித்தால் விளைச்சல் கூடிவிடும் என்றல்லவா வாசகர் நினைப்பார்? டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதி வந்து அமரும் இடம் அது. மரபணுவுக்கு முன்னே உள்ள மதகு. தேக்கடித் தலைமதகைப் பார்த்து வளர்ந்த இடுக்கிப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். சித்தூர்க்காரர்களுக்கோ விளக்கவே வேண்டாம். மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று ஒப்பந்தம் சொல்லும். கடைமடை வயலுக்கு எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க!

கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசியிலும் இதே கதைதான். அதன் சொந்த ஆர்.பி.சி.எஸ்.2 மரபணுவின் மதகையே எடுத்து அயல்மரபணுவுக்கு முன் வைத்தாலும், மரபணு ஏறிய செல்களில் பல ஊமையாகவே இருந்தன. செல்லே அதை மூடிவிடுகிறது. 2000-இல் ஷ்ரோடா, புளோக்கர், பெக் மூவரும் வெப்ப அதிர்ச்சிப் புரத மரபணுவான ஹெச்.எஸ்.பி.70ஏ-வின் மதகை அதற்கு முன்னால் பொருத்தினார்கள். வாய் திறந்த செல்கள் கூடின. அந்த மூடலையே இது எதிர்க்கிறது என்று 2002-இல் தெரிந்தது. ஆர்.பி.சி.எஸ்.2-இன் முதல் இன்ட்ரானும் வெளிப்பாட்டைக் கூட்டும்; அதுவோ மதகைத் தாண்டி, மரபணுவுக்குள் கிடப்பது. ‘ஊக்குவிப்பான்’ என்ற ஒரே சொல் இத்தனையையும் மறைத்துவிடுகிறது.

(வால்வாக்ஸ் வரிசைப் பாசிகளை ஆராய்ந்த எம்.ஓ.பி. அய்யங்கார், 1886–1963, நம்ம சென்னைக்காரர் என்பதில் பெருமைப்படுகிறோம்; சொல் விஷயத்தில்தான் அந்த அக்கறையைக் காணோம்.)

இனி நான் ‘மதகு’ என்றே எழுதப்போகிறேன். யாராவது ‘தொடக்கி’ என்றாலும் சண்டைக்கு வரமாட்டேன்.