சூட்சுமம் வாலில்தான்!

அமெரிக்காவின் ஐடஹோவில் ஓடும் ஹென்றிஸ் ஃபோர்க் ஆறு. ஜூன் மாதக் காலை. தண்ணீர்மேல் மேஃப்ளை பூச்சிகள் சிறகைத் தூக்கியபடி மிதந்து போகின்றன. ட்ரவுட் மீன்கள் விடாமல் எழும்பிக் கவ்வுகின்றன. தூண்டில்காரர் வீசிய பொய்ப்பூச்சியும் அதே நிறம், அதே அளவு. அதை மட்டும் ஒரு மீனும் சீந்தவில்லை.

வீச்சில் குறையில்லை. மீன் எதைத் தின்கிறது என்று அவர் பார்க்கவில்லை. மீன் எழும்பிய இடத்தில் குமிழி நின்றால், மேலே மிதந்ததைக் காற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. குமிழியே இல்லாமல் முதுகு மட்டும் புரண்டு மறைந்தால், அதன் இரை நீர்ப்பரப்பை ஒட்டிக் கீழே கிடந்திருக்கிறது. அந்த இரை, தோல் உரிந்தும் உரியாமலும் தவிக்கும் மேஃப்ளை; அதற்குப் பறக்கவும் வழியில்லை, நீந்தவும் வழியில்லை. கைக்கெட்டியதை விட்டுவிட்டுப் பறப்பதைத் துரத்த மீன் என்ன முட்டாளா? இந்த அரைகுறை நிலையைக் காட்டும் பொய்ப்பூச்சிதான் எமர்ஜர்.

எமர்ஜர்களில் என் ஓட்டு ஸ்பார்க்கிள் டன்னுக்கு. நியூயார்க்கின் ஆஸேபிள் ஆற்றங்கரையில் ஃபிரான் பெட்டர்ஸ் மான் ரோமத்தால் கட்டிய ஹேஸ்டாக்தான் இதற்குப் பாட்டன். அதைச் செதுக்கி அல் காச்சியும் பாப் நஸ்டாசியும் 1970-களில் காம்பராடன் ஆக்கினார்கள். வெஸ்ட் யெல்லோஸ்டோனைச் சேர்ந்த கிரெய்க் மேத்யூஸும் ஜான் ஜூரசெக்கும் அதன் விறைப்பான வாலை எடுத்துவிட்டு, பளபளக்கும் ஸீ-லான் இழையை வைத்தார்கள். மாற்றம் அவ்வளவுதான். ஆனால் வால் இருந்த இடத்தில், பாதி கழன்ற சட்டை தொங்குவதுபோல் ஆகிவிட்டது.

கட்டும்போது கை தாராளம் காட்டக்கூடாது. 16-ஆம் எண் தூண்டில் முள் போதும் (எண் ஏற ஏற முள் சிறுக்கும்). பழுப்பு ஸீ-லானில் சில இழைகள் மட்டும். அள்ளி வைத்தால் அது சட்டை அல்ல, துடைப்பம். உடம்புக்கு வெளிர் மஞ்சள் பஞ்சை நூலில் மெலிதாகத் திரித்துச் சுற்ற வேண்டும். மான் ரோமத்தின் நுனிகளைத் தட்டிச் சமன்செய்து, முள்ளின் முன்பகுதியில் இறுக்கிக் கட்டி, நிமிர்த்தி, முன்னால் நூலை அணைபோல் சுற்றினால் ரோமம் சிறகுபோல் விசிறியாக விரிந்து நிற்கும். உள்ளே காற்றறைகள் கொண்ட ரோமம் என்பதால் தலைப்பக்கம் மிதக்கும். நனைந்த வால் நீரோடு ஒட்டிக் கிடக்கும். பெரும்பாலும் சொதப்புவது ஒரே இடத்தில்தான்: ரோமத்தை முள்ளின் காதுவரை தள்ளிக் கட்டிவிட்டு, கடைசி முடிச்சுக்கு இடமில்லாமல் திண்டாடுவது.

ஆற்றங்கரையில் இன்னொரு தப்பும் நடக்கும். மிதக்க வைக்கும் பசையைப் பூச்சி முழுக்க அப்பிவிடுவார்கள். சிறகுக்கு மட்டும் தடவுங்கள். வாலைத் தொடாதீர்கள்.