சந்தாக் கணக்கும் இயந்திரத்தின் எல்லையும்

நெல் விளைச்சலை நம்பி வாழும் ஊரில் வருமானம் மாதந்தோறும் வருவதில்லை. குறுவை, சம்பா, தாளடி என்னும் பருவங்களின் அறுவடையையொட்டிக் கைக்கு வரும் பணத்தைக் கொண்டே ஆண்டு முழுவதையும் நடத்திப் பழகிய காவிரிக் கடைமடைக் குடும்பங்கள், இன்று கேபிள் தொலைக்காட்சிக்கும் இணைய இணைப்புக்கும் கைப்பேசிக்கும் மாதம் தவறாமல் கட்டணம் செலுத்தும் ஏற்பாட்டினுள் வந்து சேர்ந்திருக்கின்றன. சீர்காழி போன்ற சிறு நகரத்தில் இணைய இணைப்பு வழங்கும் நிறுவனமாயினும் சரி, சென்னையிலிருந்து உலகெங்கும் மென்பொருள் விற்கும் பெரிய நிறுவனமாயினும் சரி, இத்தகைய தொடர் கட்டணங்களைக் கணக்கிட்டு வசூலிக்கும் பொறுப்பைச் சந்தா பில்லிங் மென்பொருளிடம் ஒப்படைக்கும் போக்கு வளர்ந்து வருகிறது. 2011இல் சென்னையில் நால்வர் சேர்ந்து தொடங்கிய சார்ஜ்பீ இத்துறையில் உலக அளவில் அறியப்பட்ட பெயர். ஸோஹோ நிறுவனமும் இதே பணிக்கென ஒரு மென்பொருளை விற்கிறது. ஆகவே இதன் குணதோஷங்களை நிறுத்துப் பார்ப்பது நமக்கு அயலான விஷயம் அன்று.

முதலில் குணத்தைச் சொல்வதே நியாயம். ஒரு பொருளை ஒரு முறை விற்பவனுக்குப் பில் எழுதியதும் கணக்கு முடிந்துவிடுகிறது; சந்தா வசூலிப்பவனுக்கோ அங்கேதான் கணக்கு ஆரம்பமாகிறது. மாதம் 600 ரூபாய்த் திட்டத்தில் இருக்கும் வாடிக்கையாளர், முப்பது நாள் கொண்ட மாதத்தின் நடுவில் 900 ரூபாய்த் திட்டத்துக்கு மாறினால், பழைய திட்டத்தில் எஞ்சிய பதினைந்து நாளுக்குரிய 300 ரூபாயை அவருக்கு வரவு வைத்து, புதிய திட்டத்தின் பதினைந்து நாளுக்குரிய 450 ரூபாயைப் பற்று வைத்து, 150 ரூபாய் மட்டும் கூடுதலாகப் பெறவேண்டும். ஒருவருக்கு இதைச் செய்வது எளிது. ஆயிரம் பேருக்கு, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு தேதியில், பிழையின்றிச் செய்வது, எவ்வளவு திறமையுள்ள கணக்கரையும் சோர்வடையச் செய்யும் காரியமாகும். அவ்விடத்தில் மென்பொருள் ஆற்றும் உபகாரம் மிகப் பெரியது.

இதனினும் நுட்பமான உபகாரம் ஒன்றுண்டு. முன்பணமாக வந்த தொகை முழுவதும் வருமானம் ஆகிவிடாது என்பது கணக்கியலின் அடிப்படை விதி. ஆண்டுச் சந்தாவாக 12,000 ரூபாய் பெற்றவர், சேவையை நிறைவேற்றிய அளவுக்கு, மாதம் 1,000 ரூபாயை மட்டுமே தமது வருமானமாகக் கொள்ளலாம். மீதித் தொகை, இன்னும் நிறைவேற்றித் தீராத கடமைக்கு ஈடாக, பொறுப்புப் பக்கத்தில் நிற்கவேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இந்திய கணக்கியல் தரம் 115 இந்நெறியை விரிவாக வகுத்துக் கட்டாயமாக்கியது. ஆனால் சரக்கு சேவை வரிச் சட்டம் வேறொரு நோக்கில் செல்கிறது. சேவைக்காகப் பெறும் முன்பணத்துக்குப் பெற்ற காலத்திலேயே வரி உண்டாகையால், அந்த 12,000 ரூபாய்க்கு 18 விழுக்காடு வீதம் 2,160 ரூபாய் வரியை, இன்னும் பதினொரு மாதத்துக்குரிய வருமானம் பாக்கி நிற்கும்போதே, அரசுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். வருமானம் ஒரு கால அளவையிலும் வரி மற்றொரு கால அளவையிலும் நகர, இரண்டையும் குழப்பாமல் தனித்தனியே நடத்திச் செல்வது இம்மென்பொருளின் உண்மையான சிறப்பு. ஆயுள் சந்தா என்று வாங்கிய பணத்தை அந்த ஆண்டின் வரவாகவே எண்ணிச் செலவிட்டுவிட்டு, பின்னர் இதழ் அச்சிடக் காகிதம் வாங்க வழியின்றித் தவிக்கும் பத்திரிகையின் நிலையைச் சிந்தித்துப் பார்ப்பவர், இந்தப் பாகுபாடு வெறும் ஏட்டுச் சம்பிரதாயம் அன்று, தொழிலின் உயிர்நாடி என்பதை உணர்வர்.

இனித் தோஷங்களைப் பரிசீலிப்போம். மனிதக் கணக்கர் செய்யும் தவறு பெரும்பாலும் ஒரு வரியில் நின்றுவிடும். விலைத் திட்டத்திலோ வரி விகிதத்திலோ ஒரு முறை தவறாகப் பதிந்த எண்ணை இயந்திரம் எல்லா வாடிக்கையாளர்க்கும், எல்லா மாதங்களிலும், குறைவற்ற ஒழுங்குடன் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டே போகும். அந்த ஒழுங்கே பார்ப்பவர் மனத்தில் நம்பிக்கையை விளைவித்து, சரிபார்க்கும் வழக்கத்தை அயரச் செய்கிறது. இதனோடு, வசூலாகும் தொகையில் இவ்வளவு விழுக்காடு என்று கட்டணம் விதிக்கும் மென்பொருள்களில், நிறுவனம் வளர வளர அச்செலவும் வளர்கிறது. மேலும், வாடிக்கையாளரின் கட்டண அனுமதிகளும் பழைய கணக்குகளும் ஒரு மென்பொருளினுள் சேர்ந்துவிட்ட பிறகு, வேறொன்றுக்கு மாறுவது பெரும் பிரயாசையாகிவிடுகிறது. சில நூறு சந்தாதாரர்களை மட்டுமே உடைய சிறு தொழிலுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு அவசியந்தானா என்பதைத் தொடங்குமுன் ஆலோசிப்பதே விவேகம்.

இவை யாவும் பணத்தாலும் கவனத்தாலும் திருத்தக்கூடிய குறைகள். திருத்துதற்கு அரிய குறை வேறு. 2022 நவம்பர் மாதத்தில் சீர்காழியில் ஒரே நாளில் ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது, சம்பாப் பயிர் நீரில் மூழ்கியது, மின்சாரம் தடைப்பட்டது, சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களின் குடும்ப அட்டைதாரர்க்கு ஆயிரம் ரூபாய் நிவாரணத்தை அரசு அறிவித்தது. இத்தகைய வாரத்தில் ஒரு சந்தா மென்பொருள் செய்யக்கூடியது யாது? குறித்த தேதி வந்ததும் பில் எழுதும். வங்கியில் பணமின்றி வசூல் தவறினால், விதித்தபடி மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி முயலும். நினைவூட்டுக் கடிதத்தின் தொனியைப் படிப்படியாகக் கடுமையாக்கும். இறுதியில் இணைப்பைத் துண்டிக்கும். இணைப்பே செயலற்றிருந்த நாட்களுக்குக் கட்டணம் கேட்பது முறையா என்ற கேள்வி அதற்குத் தோன்றாது. அதே மென்பொருளைக் கொண்டே, பாதிக்கப்பட்ட பகுதியினர் அனைவர்க்கும் அந்நாட்களுக்குரிய தொகையை ஒரே கட்டளையில் வரவு வைக்கவும், வசூலை ஒரு மாதம் ஒத்திவைக்கவும் இயலும் என்பதையும் கூறியாகவேண்டும். கையால் எழுதும் கணக்கில் அது பல நாள் வேலை. வேண்டியது அக்கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரமும் மனமும் உடைய ஒரு மனிதர்.

கட்டணம் கேட்கும் காலத்தைக் குறிப்பதிலும் இதே மனம் வேண்டும். பழைய தஞ்சைக் கிராமங்களில் தச்சரும் கொல்லரும் வண்ணாரும் நாவிதரும் ஆண்டு முழுவதும் செய்த ஊழியத்துக்கு அறுவடைக் களத்தில் நெல்லாகப் பங்கு பெற்றனர். அவ்வேற்பாட்டில் சாதியின் கட்டும் இழிவும் பிணைந்திருந்தமையால் அதை மீட்கவேண்டும் என்று எவரும் கூறுவதற்கில்லை. ஆயினும் கொடுப்பவனிடம் எப்போது இருக்கும் என்பதை அறிந்து கேட்கும் காலப்பொருத்தம் அதில் இருந்தது. மாதக் கட்டணத்தோடு, தை, மாசி அறுவடைக்குப் பின் செலுத்தும் ஆண்டுக் கட்டணத்தையும் ஒரு திட்டமாக மென்பொருளில் அமைக்க எந்தத் தடையும் இல்லை. அமைக்காதிருப்பது இயந்திரத்தின் குறை அன்று, நம்முடைய குறை.

வாடிக்கையாளரைக் காக்கும் திசையில் சட்டமும் சில படிகளை எடுத்துவைத்திருக்கிறது. அட்டை முதலியவற்றிலிருந்து தானாகப் பணம் எடுக்குமுன் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிக்கவேண்டும் என்னும் ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் அமலாயிற்று. சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் சந்தாப் பொறியை, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடைசெய்யப்பட்ட ஏமாற்று முறைகளுள் ஒன்றாகக் குறித்தன. எனினும் விதி தடுப்பது தீங்கை மட்டுமே. நியாயத்தை நிலைநாட்டுவது நிறுவனத்தின் கணக்குப் பிரிவின் கையில் இருக்கிறது.

ஆதலால் இம்மென்பொருளை விலக்குவதும் பிழை, கண்மூடி வணங்குவதும் பிழை. கூட்டலும் பகிர்வும் வரியும் நினைவூட்டலும் அதன் வேலையாக இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் சில பில்களையேனும் கையால் கணக்கிட்டு ஒப்புநோக்குவதும், விலைத் திட்ட மாற்றத்துக்கு இருவர் ஒப்புதலை வேண்டுவதும், எவருடைய இணைப்பையும் துண்டிக்குமுன் ஒரு மனிதர் அக்கணக்கைப் பார்ப்பதும் நம் வேலையாக இருக்கட்டும். வாடிக்கையாளரோடு செய்த உடன்படிக்கை நேர்மையானதாயின் இயந்திரம் அந்த நேர்மையை ஆயிரம் மடங்காக்கும். அநீதியானதாயின் அநீதியையும் அவ்வளவே பெருக்கும். இரண்டில் எதைப் பெருக்குவது என்று தீர்மானிக்கும் பொறுப்பைக் கணக்குப் பிரிவு எந்த மென்பொருளுக்கும் கைமாற்றித் தர இயலாது.